வெயில் ஏற ஏற தண்ணீர் குடிப்பதை நிறுத்தும் பிள்ளைகள்: உங்கள் ஊர் பெண்கள் பள்ளியில் எப்படி?

கரூர் அம்மா

தோழிகளுக்கு வணக்கம். என் மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. மாசி பிறந்ததிலிருந்து தினமும் மாலை தலைவலியோடு வருகிறாள். காலையில் நிரப்பிக் கொடுக்கும் ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்மா, அங்க போக முடியாது" என்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தானாம். போன வாரம் அடிவயிற்று வலியும் எரிச்சலும் வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளியில் சுமார் 1100 பிள்ளைகள். கழிப்பறை 14 இருக்கிறது. அதில் தண்ணீர் வராதது, பூட்டிக் கிடப்பது போக ஒன்பதுதான் பயன்படுகிறது. இன்னும் ஏப்ரல் முழுக்க இருக்கிறது, ஆண்டுத் தேர்வு இருக்கிறது. எங்கள் பக்கம் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை. நன்றாகப் பாடம் நடத்துகிறார்கள், பிள்ளைகள்மேல் அக்கறையாகவும் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

பிளஸ் டூ பயாலஜி

ஆன்ட்டி, நான் சேலம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ. உங்கள் மகள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

எங்களுக்கு இன்டர்வல் பத்து நிமிஷம். மேல்மாடியில் இருக்கும் வகுப்பு இறங்கி வருவதற்குள் கீழே உள்ள பிள்ளைகள் வரிசையில் நின்றிருப்பார்கள். ஆறாம் வகுப்புக் குட்டிகள் பெரிய அக்காக்களைப் பார்த்தால் ஒதுங்கி வழி விட்டுவிடும். அப்புறம் மணி அடித்ததும் அதுங்கள்தான் போகாமலே ஓடும், பாவம். எல்லாக் கதவிலும் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்கிற தோழி அன்றைக்கு லீவு என்றால் நாங்களும் போக மாட்டோம். பீரியட்ஸ் நாளில் இன்னும் கஷ்டம். மாற்றிய நாப்கினைப் போட இடம் இல்லை. சிலர் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். முன்பெல்லாம் முதல் நாள் லீவு போட்டுவிடுவோம். ரிவிஷன் டெஸ்ட் தொடங்கிய பிறகு அதுவும் முடியாது.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாங்கள் அழுதுகொண்டே இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்திலேயே எனக்குப் பிடித்த மாதங்கள் இவைதான். காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்டடி. நடுவில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி ஒன் மார்க் கேட்டுக்கொள்வோம். தப்பாகச் சொன்னால் அவளுடைய மாங்காய்த் துண்டு அடுத்தவளுக்கு. மிளகாய்ப் பொடியும் உப்பும் எப்போதும் யாரிடமாவது ஒரு பொட்டலம் இருக்கும். ஸ்லாம் புக் சுற்றி வருகிறது. ஃபேர்வெல்லுக்கு எந்த நிறப் புடவை என்று ரெண்டு வாரமாகச் சண்டை. புடவை இல்லாத பிள்ளைகளுக்கு யார் வீட்டில் எக்ஸ்ட்ரா இருக்கிறது என்று ரகசியமாக லிஸ்ட் போட்டு எடுத்து வைத்துவிட்டோம். யாருடையது யாருக்கு என்று வெளியே தெரியாது.

இவ்வளவும் இருக்கிறது. தண்ணீர் மட்டும் குடிப்பதில்லை.

தாவணிக் காலத்து மாணவி

1988-இல் பத்தாம் வகுப்பு முடித்தவள் நான். எங்கள் பள்ளியில் அப்போது கழிப்பறை என்ற பெயரில் மேற்கூரை இல்லாத நாலு சுவர் இருந்தது. பாவாடை தாவணியில் காலை ஒன்பதரைக்குப் போய் நாலரைக்கு வரும்வரை அடக்கிக்கொண்டிருப்போம். அதைப் பற்றி வீட்டிலும் சொல்ல மாட்டோம், டீச்சரிடமும் சொல்ல மாட்டோம். இன்று உன் மகள் உன்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறாள், அம்மா. அதைப் பிடித்துக்கொள். நாங்கள் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம், நீயும் பொறு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. எங்கள் வகுப்பில் எத்தனை பேர் பிற்பாடு சிறுநீரகக் கல், தொற்று என்று அலைந்தார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கிராம செவிலியர்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை இந்தத் தொந்தரவோடு வரும் பள்ளிப் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம்.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அது ஏறக்குறைய 20. அதனால் கிருமி சிறுநீர்ப்பைக்குள் போவது பெண்களுக்குச் சுலபம். தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் கிருமி வெளியேறிவிடும். குடிக்காமல் மணிக்கணக்கில் அடக்கினால் அது அங்கேயே பெருகும். வெயில் காலத்தில் வியர்வையிலேயே தண்ணீர் போய்விடுவதால் சிறுநீர் இன்னும் குறைந்து, அடர்த்தியாகிறது.

எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போன்ற உணர்வு, அடிவயிற்று வலி: இவை இருந்தால் உடனே காட்டுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகின் பக்கவாட்டில் வலி என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கரூர் அம்மா, கொடுத்த மாத்திரையை எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். போட இடமில்லாத பள்ளியில் பிள்ளை என்ன செய்வாள் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்பெஷல் கிளாஸுக்காகக் காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் அதிகம். வாரம் ஒருநாள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு குமட்டுகிறது என்று துப்பிவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை அது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து வருவதுதான். இரண்டு இட்லியாவது கட்டிக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

மறுபக்கத்தையும் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். பாட நேரத்தில் வெளியே விடக்கூடாது என்ற விதியை நானே வைத்திருந்தேன். கொடுமைக்காக இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் கழிப்பறை வளாகத்தின் கடைக்கோடியில், சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. பாட நேரத்தில் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு பெண் குழந்தை தனியாக அங்கே போய், ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது? இன்டர்வலில் கூட்டத்தோடு போவதே பாதுகாப்பு என்று நினைத்தேன். இப்போதும் அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்வது சுலபம். எப்போது, யாரோடு அனுப்புவது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் தலைமையாசிரியர் ஒப்புக்கொள்வார்.

கணக்கு டீச்சர்

தலைமையாசிரியை அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்டர்வல் மட்டும் போதும் என்பதைக் கணக்கே ஒத்துக்கொள்ளாது.

கரூர் அம்மா கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். பயன்படும் கழிப்பறை ஒன்பது. ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிஷம் என்று வைத்தாலும் பத்து நிமிஷத்தில் ஒரு கழிப்பறைக்கு ஆறு பேர், ஏழாவது ஆள் உள்ளே இருக்கும்போது மணி அடித்துவிடும். ஒன்பது கழிப்பறைக்கும் சேர்த்து அறுபது பேர். 1100 பேரில் அறுபது பேர்! காலையும் மாலையும் இரண்டு இன்டர்வல், நடுவில் மதிய இடைவேளை. எப்படிக் கூட்டினாலும் ஒரு நாளில் பாதிப் பேருக்கு முறை வராது. 2014-இல் மத்திய அரசு கொண்டுவந்த தூய்மைப் பள்ளி இயக்கத்தின் கையேடு 40 பேருக்கு ஒன்று என்கிறது. அந்தக் கணக்குப்படி உங்கள் பள்ளிக்கு 28 வேண்டும். எல்லாப் பள்ளியிலும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே உத்தரவு போட்டுவிட்டது. கட்டடம் கட்டியாகிவிட்டது. ஆனால் தண்ணீர் வருகிறதா, கழுவ ஆள் இருக்கிறதா என்று அப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் பள்ளியில் காலை 11, மதியம் 1, மாலை 3 மணிக்குத் தண்ணீர் மணி அடிக்கிறோம். கேரளத்தில் 2019-இல் இதை ஆரம்பித்தார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து ஒரு வாய் குடிப்பார்கள். அதற்குமேல் குடிக்க மாட்டார்கள். காரணம் மேலே எழுதியிருக்கிறார்கள்.

மாலை ஸ்பெஷல் கிளாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்ச்சி குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாங்கள். 2024 பிளஸ் டூ முடிவில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37. பெண் பிள்ளைகள் எப்போதும் மேலே. அதற்குப் பின்னால் எத்தனை மணி நேரம் சூடான அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. நான் இந்த ஆண்டு மாலை வகுப்பை வராந்தாவுக்கு மாற்றினேன், ஐந்தரைக்கு முடித்துவிடுகிறேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் மாலைச் சிற்றுண்டி கொடுக்கிறார்கள். எங்களுக்கு அது இல்லை. ஆசிரியர்கள் முறை வைத்துச் சுண்டல் கொண்டுவருகிறோம். சுண்டல் வந்த நாளில் கடைசி பெஞ்சு கூடக் கணக்கு போடுகிறது.

திண்டுக்கல் அப்பா

நான் ஆண், இங்கே எழுதலாமா தெரியவில்லை. மனைவி இல்லை, மகளும் நானும்தான். எட்டாம் வகுப்பு. இதையெல்லாம் அவளிடம் நான் எப்படிக் கேட்பது? அவளும் என்னிடம் சொல்ல மாட்டாள். டீச்சரிடம் போய் நான் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

கிராம செவிலியர்

தாராளமாக எழுதுங்கள் அண்ணா. கழிப்பறை எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காமல், "இன்னைக்கு எத்தனை தடவை தண்ணி குடிச்சே" என்று தினமும் சாதாரணமாகக் கேளுங்கள். ரெண்டு மூணு நாளில் அவளே மற்றதைச் சொல்வாள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அவளே பார்த்துக்கொள்வாள். நாப்கின் வாங்கி அலமாரியில் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள், கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். வகுப்பாசிரியையிடம் நீங்களே பேசலாம், தப்பே இல்லை. உங்கள் ஊர் அங்கன்வாடி ஊழியரோ கிராம செவிலியரோ அவளிடம் ஒருமுறை பேசினால் இன்னும் நல்லது.

முன்னாள் மாணவி, மேலாண்மைக் குழு

2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படித்தான் நான் படித்த பள்ளியின் குழுவுக்கு வந்தேன். நாங்கள் செய்ததை எழுதுகிறேன், கரூர் அம்மாவுக்கு உதவும்.

முதலில் இன்டர்வலைப் பிரித்தோம். ஆறு, ஏழு, எட்டு ஒரு நேரம். ஒன்பது, பத்து அடுத்து. மேல்நிலை வகுப்புகள் அதற்கு அடுத்து. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, கால அட்டவணையைத் திருத்தினால் போதும். மணிச் சத்தம் அடுத்த வகுப்புக்கு இடைஞ்சல் என்று சில ஆசிரியர்கள் சொன்னார்கள். மேல்மாடிக்கு மணி அடிக்காமல் வகுப்புத் தலைவியே பார்த்து அனுப்புவது என்று வைத்தோம். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு முறை கிடைக்க ஆரம்பித்ததே பெரிய லாபம்.

அடுத்து தண்ணீர். காலை ஏழு மணிக்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார்கள். பதினொன்றரைக்குள் காலி. மதியத்துக்கு மேல் வாளியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, நாற்றம் அதனால்தான். பத்தரைக்கும் ஒன்றரைக்கும் இரண்டாவது, மூன்றாவது முறை மோட்டார் போடும் பொறுப்பை எழுத்தில் ஒருவருக்குக் கொடுத்தோம். எழுத்தில் கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் யாரும் போட மாட்டார்கள்.

துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர்தான். அவருக்குக் கிடைக்கும் தொகுப்பூதியம் மிகக் குறைவு. காலையில் ஒருமுறை கழுவிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குழு உறுப்பினர்களும் முன்னாள் மாணவிகளும் சேர்ந்து மாதம் ஒரு தொகை திரட்டி, மதியம் இன்னொரு முறை கழுவுவதற்காக அவருக்கே கொடுக்கிறோம். கையுறை, ஆசிட் இல்லாத கழுவும் திரவம், நீளக் கைப்பிடி பிரஷ் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகளைக் கழுவச் சொல்லக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறோம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் மூடி போட்ட கூடை, பழைய செய்தித்தாள் கட்டு, பை மாட்ட ஒரு ஆணி. ஆணி ஏன் என்று எச்.எம். கேட்டார். ஓவர்கோட்டையும் நாப்கினையும் ஈரத் தரையில் வைக்க முடியுமா என்று கேட்டதும் அன்றைக்கே அடித்துக் கொடுத்தார்.

தலைமையாசிரியை அம்மா சொன்ன பயத்துக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மர அட்டை செய்தோம். பாட நேரத்தில் அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த இருவர். யார் வெளியே இருக்கிறார்கள் என்று எப்போதும் தெரியும். சுற்றுச்சுவரை உயர்த்தச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், அது இன்னும் வரவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

இரண்டு பேர் சேர்ந்து போவது, அட்டை. இது எனக்குச் சம்மதம். எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது இருப்பவரிடம் நானே பேசுகிறேன்.

பத்தாவது அம்மா

இடையில் ஒரு கேள்வி. என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வரப்போகிறது. தேர்வு நாளில் காலையிலிருந்தே ஒரு சொட்டும் குடிக்கமாட்டேன் என்கிறாள். தேர்வு அறையிலிருந்து வெளியே விடுவார்களா?

கணக்கு டீச்சர்

விடுவார்கள். தேர்வு பத்து மணிக்குத் தொடங்குகிறது. முதல் பத்து நிமிஷம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிஷம் விடைத்தாள் விவரங்களைச் சரிபார்க்க, பிறகு 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். நடுவில் அவசரம் என்றால் அறைக் கண்காணிப்பாளரிடம் கையைத் தூக்கிச் சொல்லலாம். ஒரு பெண் பணியாளரைத் துணைக்கு அனுப்புவார்கள். நேரம் போய்விடுமே என்றுதான் பிள்ளைகள் கேட்பதில்லை. இரண்டு நிமிஷத்தில் ஒரு மார்க் கூடப் போகாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். தாகத்தில் தலை சுற்றினால் இருபது மார்க் போகும். காலை எழுந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். ஒன்பதரைக்கு மையத்தில் ஒருமுறை கழிப்பறை போய்விட்டு அறைக்குள் போகட்டும்.

தர்மபுரி மிஸ்

இழையின் விஷயத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். கோடை என்றால் எனக்கு வெயிலைவிட விடுமுறைதான் பயம். ஏப்ரலில் சிரித்துக்கொண்டு டாட்டா காட்டிப் போகும் பிள்ளைகளில் சிலர் ஜூனில் வருவதில்லை. ஒருத்திக்கு விடுமுறையில் கல்யாணம் பேசிவிடுவார்கள். இன்னொருத்தியை ரெண்டு மாதம் என்று சொல்லி நூற்பாலைக்குக் கூட்டிப்போவார்கள், கையில் காசு பார்த்ததும் அப்படியே நிறுத்திவிடுவார்கள்.

கடைசி வேலை நாளில் நான் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எழுதச் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் என்று யார் வீட்டில் பேச்சு எழுந்தாலும், அவளோ அவள் தோழியோ அந்த எண்ணுக்கு அழைக்கலாம். பெற்றோரிடம் சட்டத்தைச் சொன்னால் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும் என்றதும் உட்கார்ந்து கேட்கிறார்கள். சுத்தமான கழிப்பறையும் இதோடு சேர்ந்ததுதான். வயதுக்கு வந்த பெண் பள்ளியில் படும் சங்கடத்தைக் காரணமாகச் சொல்லித்தான் பல வீடுகளில் நிறுத்துகிறார்கள். அந்தக் காரணத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.

கரூர் அம்மா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நாலு விஷயம் கேட்கப்போகிறேன்: இன்டர்வலைப் பிரிப்பது, மோட்டாரை மூன்று முறை போடுவது, தாழ்ப்பாளும் மூடிய கூடையும், மர அட்டை. தண்ணீர் வராமலும் பூட்டியும் கிடக்கும் ஐந்தையும் சரிசெய்து திறக்க வைக்க வேண்டும். குழாய் வேலை தெரிந்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கணக்கு டீச்சர், உங்கள் அறுபது பேர் கணக்கை அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன்.

பிளஸ் டூ பயாலஜி

ஆன்ட்டி, தாழ்ப்பாள் வாங்கும்போது ரெண்டு விஷயம். கதவின் உச்சியில் போடாதீர்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாது. எங்கள் பள்ளியில் புதிதாகப் போட்ட மூன்றும் அப்படித்தான் வீணாகக் கிடக்கிறது. மெல்லிய அலுமினியத் தாழ்ப்பாள் ஒரு மாதத்தில் வளைந்துவிடும், இரும்பில் கேளுங்கள். கூட்டத்துக்கு மகளையும் கூட்டிப்போங்கள். எந்தக் கதவு மூடாது, எந்தக் குழாய் ஒழுகும் என்று எங்களுக்குத்தான் வரிசையாகத் தெரியும்.